மொய் நோட்டில் ஏறாத பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் சமூக மூலதனம் பற்றி அண்மையில் வந்த கட்டுரைக்கு மறுப்பாக இதை எழுதுகிறேன். மறுப்பு என்பதுகூடச் சற்று மிகைதான். கட்டுரையில் பாதி எனக்கு உடன்பாடே. மீதிப் பாதி எங்கள் பகுதியைப் பற்றியது. அந்தப் பகுதியில் நெடுங்காலமாக மொய் எழுதி வருபவன் நான். அதனால் படித்துவிட்டு மடித்து வைக்க மனம் வரவில்லை. கடிதம் நீண்டுவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். கஜா புயல் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

கட்டுரையாளரின் வாதம் இது. ஒருவரை ஒருவர் அறிந்த ஊரில், வாங்கியதைத் திருப்பித் தரும் வழக்கமுள்ள ஊரில், நம்பிக்கையே ஒரு மூலதனம். அதற்குச் சான்றாகப் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து மொய் விருந்தைக் காட்டுகிறார். வட்டி இல்லை, பிணை இல்லை, படிவம் இல்லை. ஒரே பகலில் ஒரு குடும்பத்தின் கையில் பல லட்சம் ரூபாய் சேர்ந்துவிடுகிறது என்று வியக்கிறார். இதுவரை சரி. பிறகு ஒரே தாவாகத் தாவி, இத்தகைய ஊர்களில் கடன் கொடுப்பதை மக்களிடமே விட்டுவிடலாம், கூட்டுறவுச் சங்கங்களுக்காக அரசு செலவழிப்பது வீண் என்று முடித்துவிட்டார். அந்தத் தாவலோடுதான் எனக்கு வழக்கு.

நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கையெழுத்து தெளிவாக உள்ள வாத்தியார் கிடைத்தால் எங்கள் ஊர்களில் அவரை எளிதில் விடமாட்டார்கள். ஆடியும் ஆவணியும் வந்துவிட்டால் எனக்குப் பந்தலில்தான் வேலை. பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் ஊர்க் கோயில் பெயரில் நூற்றொரு ரூபாய் வரவு வைத்து, பிறகு ஊர், தகப்பனார் பெயர், பெயர், தொகை என்று தலை நிமிராமல் எழுத வேண்டும். ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் பந்தல் முழுவதும் சுற்றும். எழுதுகிறவனுக்குக் கடைசிப் பந்தியில்தான் இலை. பக்கத்தில் எப்போதும் ஊர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரே ஊரில், ஒரே பெயரில், தகப்பனார் பெயரும் ஒன்றாக இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். “இவர் வடக்குத் தெரு, போர்வெல் வண்டி வைத்திருப்பவர், அதையும் சேர்த்து எழுதுங்கள் சார்” என்று அவர் அடையாளம் சொல்லச் சொல்ல எழுதுவேன். இப்போது பல பந்தல்களில் கணினி வந்துவிட்டது. வெளியூர்ப் பையன் தட்டுகிறான். ரசீது அச்சாகி வருகிறது. பணம் எண்ணும் இயந்திரமும் பக்கத்தில் ஓடுகிறது. வேகத்தில் அவனுக்கு நான் ஈடில்லை. ஆனால் எதிரே நிற்கும் ஆளை அவனுக்குத் தெரியாது.

வெளியூர் வாசகர்களுக்காக இதன் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பம் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை விருந்து வைக்கும். தனித்தனியே பந்தல் போட்டால் செலவு தாங்காது என்பதால் பலர் கூட்டாகச் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவார்கள். சமையல் ஒன்று, மேசையும் நோட்டும் பணம் போடும் அண்டாவும் ஆளுக்கு ஒன்று. வருகிறவர் வைக்கும் தொகையில் இரண்டு பங்கு உண்டு. முன்பு தான் வாங்கியதைத் திருப்புவது ஒன்று; அதற்கு மேல் புதிதாகப் போடுவது மற்றொன்று. 5,000 ரூபாய் வாங்கியிருந்தவர் 7,000 வைத்தால் உறவு தொடர்கிறது. அடுத்த முறை அந்த 2,000 அவருக்குத் திரும்பி வர வேண்டும். சரியாக 5,000 மட்டும் வைத்தால் கணக்கை முடித்துக்கொள்கிறார் என்று பொருள். அந்த நேரத்தில் இருவர் முகமும் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே அன்று சேரும் பணத்தில் ஒரு பகுதி, அந்தக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் பிறர் பந்தல்களில் கொடுத்து வைத்தது. மறுபகுதி, இனி அவர்கள் திருப்பித் தர வேண்டிய கடன். இனாமாக வந்தது எதுவும் இல்லை. இதை உங்கள் நாளிதழ் உட்பட எல்லா ஏடுகளும் ஆடிதோறும் ‘கோடிக்கணக்கில் மொய் வசூல்’ என்று தலைப்புப் போடுகின்றன. 2022இல் பேராவூரணியில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் வைத்த விருந்தில் ஏறத்தாழ 10 கோடி ரூபாய் சேர்ந்ததாகச் செய்தி வந்தபோது, ஏதோ காணிக்கை குவிந்ததைப் போல எழுதினார்கள். அதில் எவ்வளவு பழைய மொய், எவ்வளவு புது மொய் என்று ஒரு செய்தியாளர்கூடக் கேட்டதாக நினைவில்லை. வங்கியில் ஒருவர் 10 லட்சம் கடன் வாங்கினால் அவர் 10 லட்சம் வசூலித்தார் என்று எழுதுவோமா?

மொய்யின் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள், ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள், நின்றுபோன வீட்டை மேலெழுப்பியவர்கள், கந்துவட்டியிலிருந்து ஒரே நாளில் மீண்டவர்கள் எனப் பலரின் நோட்டுகளை எழுதியிருக்கிறேன். அந்த நோட்டு நிலப் பத்திரத்தோடு பீரோவில் இருக்கும். ஒரு வீட்டிலிருந்து அழைப்புப் பத்திரிகை வந்ததும் முதலில் நோட்டைத்தான் புரட்டுவார்கள். ஊர் நம்பிக்கை என்று கட்டுரையாளர் சொல்வது காற்றில் மிதக்கும் நல்லெண்ணம் போல இருக்கிறது. எங்கள் ஊரில் அது கோடு போட்ட நோட்டில், ரூபாய்க் கணக்கில், தகப்பனார் பெயரோடு இருக்கிறது.

அந்த நோட்டில் யார் ஏறுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கட்டுரையாளர் விருந்து நாளைப் பார்த்திருக்கிறார். அதற்கு முந்தைய மாதத்தைப் பார்க்கவில்லை. பத்திரிகை யார் யாருக்கு வைப்பது என்று திண்ணையில் உட்கார்ந்து பெயர் எழுதுவார்கள். வங்கி மேலாளர் கேட்கும் கேள்வி அத்தனையும் அந்தத் திண்ணையில் எழும். தோப்பு எத்தனை ஏக்கர்? மகன் சிங்கப்பூரில் இருக்கிறானா, திரும்பி வந்துவிட்டானா? போன முறை அவருக்கு எவ்வளவு விழுந்தது? குடி உண்டா? பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாரா? மேலாளருக்குப் பத்து நாள் ஆகும் விசாரணை இங்கே பத்து நிமிடத்தில் முடியும். “அவருக்கு வைக்க வேண்டாமப்பா, பாவம், பணத்துக்கு எங்கே போவார்” என்று இரக்கத்தோடு ஒரு பெயரை அடிப்பார்கள். இரக்கம் உண்மைதான். ஆனால் அந்த ஒரு கோட்டோடு அவர் ஊரின் கொடுக்கல் வாங்கலிலிருந்து வெளியே போய்விடுகிறார். அவருக்கு யாரும் கெடுதல் செய்யவில்லை. அவருக்கு அவசரம் வரும்போது கைமாற்று தர யாரும் கடமைப்பட்டவராக இல்லை, அவ்வளவுதான்.

தேங்காய் உரிக்கும் கூலியாள், விடியற்காலையில் பூப்பறிக்கப் போகும் பெண், செங்கல் சூளைக்குப் போகும் குடும்பம் ஆகியோர் பந்தலில் இல்லாமல் இல்லை. இலை எடுக்கிறார்கள், அண்டா கழுவுகிறார்கள். நோட்டில் ஏறினால் நூறு, இருநூறு. நூறு கொடுத்தவருக்கு நூற்றைம்பது திரும்பும். அதைக் கொண்டு கிணறு தோண்ட முடியாது. எங்கள் பக்கம் மொய்யில் சாதி பார்ப்பதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் எழுதிய பந்தல்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. யார் கொடுத்தாலும் வாங்குவார்கள், யார் விருந்துக்கும் போவார்கள். ஆனால் ஆயிரங்களில் எழுதிய வரிகளில் வரும் தெருப் பெயர்களையும், நூறுகளில் எழுதிய வரிகளில் வரும் தெருப் பெயர்களையும் தனித்தனியே எடுத்து எழுதிப் பார்த்தால், நிலம் எந்தத் தெருவில் இருக்கிறது, எந்தத் தெருவில் இல்லை என்பது விளங்கிவிடும். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பெண்களின் நிலை இன்னொரு வகை. மொய் கணவன் பெயரில் ஏறுகிறது. கணவன் இறந்துவிட்டால் கொடுக்க வேண்டிய கணக்கு மட்டும் வீடு தேடி வரும்; பத்திரிகை தவறாது. வர வேண்டியதை வாங்க வேண்டுமானால் அந்தப் பெண் விருந்து வைக்க வேண்டும். ஆடு வாங்க முன்பணம், பந்தலுக்கு முன்பணம், முன்னின்று நடத்த ஓர் ஆண். என் ஒன்றுவிட்ட தங்கைக்கு இந்த நிலை வந்தபோது, கூட்டு விருந்தில் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நானே போய்க் கேட்டேன். “சார் சொல்கிறீர்கள், சரி, ஆனால் பத்திரிகையில் மகன் பெயர் இருக்கட்டும்” என்றார்கள். மகன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவன் பெயரைத்தான் அச்சடித்தோம்.

இதெல்லாம் சாதாரண காலத்துக் கதை. இனி கஜாவுக்கு வருகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல், விடிவதற்குள் பட்டுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்துத் தோப்புகளை அடியோடு சாய்த்துவிட்டது. அப்பாவும் தாத்தாவும் வைத்த மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தோப்புக்குள் நடந்து போக வழியில்லை. வடகாட்டுப் பக்கம் பலா போயிற்று. வாழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அன்று மாலை எனக்குத் தோன்றிய முதல் எண்ணங்களில் ஒன்று, சொன்னால் சிரிப்பீர்கள், அடுத்த ஆடியில் மொய் என்ன ஆகும் என்பதுதான்.

மொய் ஓடுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. என் வீட்டில் கல்யாணம் நடக்கும் ஆண்டு உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது. என் கிணறு வற்றும்போது உங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டும். ஒருவர் தாழ்ந்திருக்கும்போது மற்றவர் நிமிர்ந்திருந்தால்தான் தூக்கிவிட முடியும். எல்லோருடைய தோப்பும் ஒரே இரவில் விழுந்தால் யார் யாருக்கு மொய் வைப்பது? 2019 ஆடியில் விருந்து வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பல லட்சம் பிறருக்குப் போட்டு வைத்தவர்கள், தம் முறை வந்தபோது அதில் ஒரு பகுதியை மட்டுமே பார்த்தார்கள். வர இயலாதவர்களில் சிலர் சொல்லியனுப்பினார்கள். சிலர் சொல்லவும் வெட்கப்பட்டுக் கண்ணில் படாமல் போனார்கள். நகையை அடகு வைத்து மொய்யைத் திருப்பியவர்களும் உண்டு, மானம் பெரிது. ஒரு தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதற்குள் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பந்தலே இல்லாமல் போயிற்று. கணக்குகள் அறுந்தன. சில வீடுகளுக்கிடையே இன்னும் பேச்சில்லை.

ஊர் நம்பிக்கை பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு வட்டாரத்துக்குள் மட்டும் சுழலும் நம்பிக்கை, அந்த வட்டாரமே விழும்போது எழுப்பிவிடாது. இதைக் கட்டுரையாளர் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். அப்போது எங்களை எழுப்பியவர்கள் எந்த நோட்டிலும் இல்லாதவர்கள். பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். முன்பின் அறியாத ஊர்க்காரர்கள் அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி என்று வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனார்கள். அடுத்த ஆண்டு பேராவூரணி பெரிய குளத்தை இளைஞர்கள் தூர்வாரக் கிளம்பியபோது வெளிநாட்டில் இருப்பவர்களும் பணம் அனுப்பினார்கள். அமெரிக்க அறிஞர் ராபர்ட் புட்னம் சமூக மூலதனத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்: தம்மவரைத் தம்மவரோடு இறுக்கும் கட்டு ஒன்று, அயலாரோடு இணைக்கும் பாலம் மற்றொன்று. கட்டுரையாளர் அவரை மேற்கோள் காட்டியிருக்கிறார். ஆனால் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாலத்தை விட்டுவிட்டார். 2024இல் வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தபோது திண்டுக்கல்லில் ஓர் உணவகம் மொய் விருந்து என்ற பெயரிலேயே விருந்து வைத்து நிதி திரட்டியது. சாப்பிட்டுவிட்டுப் பணம் வைத்த எவரும் வயநாட்டிலிருந்து ஒரு பத்திரிகை வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பெயர் ஒன்றுதான், செயல் வேறு.

புயலுக்குப் பின் வந்த நிவாரணத்தில் இன்னொன்றைக் கண்டேன். அதுவே இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், மரத்தை அப்புறப்படுத்த 500 ரூபாயும் சேர்த்து 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. தொகை போதாது என்று எல்லோரும் பேசினோம். யாருக்குப் போனது என்பதைக் குறைவாகவே பேசினோம். பணம் பட்டாவிலும், அடங்கல் என்னும் சாகுபடிக் கணக்கிலும் பெயர் உள்ளவருக்குப் போனது. குத்தகைக்கு எடுத்துத் தண்ணீர் பாய்ச்சி, உரம் வைத்து, முன்பணம் கொடுத்துக் காயை நம்பியிருந்தவருக்கு ஒன்றும் இல்லை. அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. நல்ல உள்ளம் படைத்த சில நில உடைமையாளர்கள் பாதியைக் கொடுத்தார்கள். அதுவும் ஊர் நம்பிக்கைதான். கொடுக்காதவரைக் கேட்க வழியில்லை.

இந்த ஊரின் முரண்பாட்டைப் பாருங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்து நூறு ரூபாய் வைத்தவர் பெயரை, தகப்பனார் பெயரோடும் தெருவோடும் எழுதி வைக்கிறோம். ஐந்து ஏக்கரை ஆண்டுக்கணக்கில் உழுபவரின் பெயரை எழுத மாட்டோம். “எழுதினால் நிலம் போய்விடும்” என்ற அச்சம். தமிழ்நாட்டில் விவசாய நிலங்களின் குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கென 1969இலேயே சட்டம் வந்துவிட்டது. அதன் கீழ்ப் பதியச் சொல்லிப் பாருங்கள். மறுநாள் குத்தகை கைமாறியிருக்கும். வாய்மொழி நம்பிக்கை என்று இதைக் கொண்டாடுகிறவர்கள், அந்த நம்பிக்கையில் யார் வாய் பேசலாம், யார் வாய் பேசக் கூடாது என்பதையும் பார்க்க வேண்டும். அடங்கலில் பெயர் இல்லாதவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைப்பது அரிது. திண்ணையில் பெயர் அடிபட்ட அதே ஆள்தான் இங்கேயும் பெயர் இல்லாமல் நிற்கிறார்.

அவரும் அவர் மனைவியும் பிறகு எங்கே போகிறார்கள்? குழுக்கடனுக்கு. மகளிர் சுய உதவிக் குழு தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய நல்ல முயற்சி. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், சிறு சேமிப்பு, தங்களுக்குள் கடன், எல்லாம் கூட்டத்தில் வைத்து முடிவு. 1992இல் நபார்டு வங்கி இக்குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. என் பள்ளியில் மாணவர்களின் தாய்மார்கள் கூட்டம் போட்டுப் பேசக் கற்றது அந்தக் குழுக்களில்தான். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வாயே திறக்காதவர்கள் குழுவில் சேர்ந்தபின் கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று என்னையே எழுந்து கேட்டார்கள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, அன்று சற்றுக் கோபமும் வந்தது என்பதை மறைக்கவில்லை.

ஆனால் அதன் பின்னால் தனியார் நிதி நிறுவனங்கள் வந்தன. பெண்களுக்கு இடையே இருந்த பழக்கத்தையே பிணையாக வைத்துக் கடன் கொடுத்தார்கள். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஒருத்தி கட்டும்வரை வசூலுக்கு வந்தவர் எழுந்து போகமாட்டார். மற்றவர்களும் வீட்டுக்குப் போக முடியாது. புயலடித்த ஆண்டில் கூரை இல்லாத வீட்டு வாசலில் இந்த வசூல் நடந்ததை நேரில் பார்த்தேன். காலையில் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள் மாலையில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டார்கள். கடன் அடைந்த பிறகும் அந்தத் தெருவில் பழைய பழக்கம் திரும்பவில்லை. அக்கம்பக்கத்து நம்பிக்கையை எடுத்துச் செலவழித்துத் தீர்த்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025இல் சட்டம் வந்திருக்கிறது. வரவேற்கிறேன். கடன் கொடுப்பதை ‘மக்களிடமே விட்டுவிட்டால்’ அந்த இடத்தில் யார் வந்து உட்காருவார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று கட்டுரையாளருக்கு வேண்டுமா?

கூட்டுறவு பற்றி அவர் எழுதியதற்கும் ஒரு வார்த்தை. அரசு மேலிருந்து திணித்த சரக்கு என்கிறார். வரலாறு அவ்வளவு எளிதல்ல. விவசாயிகளின் கடன் சுமைக்கு வழி தேடி, சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் கடன் சங்கங்களை ஆராயச் சொன்னது. 1895, 1897 ஆண்டுகளில் அவர் தந்த அறிக்கைகளின் சாரம், ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கட்டிய கிராமச் சங்கங்களைப் போல இங்கும் வேண்டும் என்பது. ரைஃபைசனின் சங்கங்கள் எதன்மேல் நின்றன? ஒரு சிறு ஊர். எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். சங்கம் மூழ்கினால் ஒவ்வோர் உறுப்பினரும் தன் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பேற்க வேண்டும். 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டமும் கிராமச் சங்கங்களுக்கு அந்த வரம்பற்ற பொறுப்பையே விதித்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் தமிழகத்தின் முதல் சங்கம் தொடங்கியது. அதாவது கட்டுரையாளர் புகழும் அதே ஊரறிவைத்தான் கூட்டுறவும் எடுத்துக்கொண்டது. அதோடு இரண்டைச் சேர்த்தது: வெளியிலிருந்து வரும் பணம், எல்லோருக்கும் பொதுவான விதி. எங்கள் சங்கத்துப் பண்டகசாலை வாசலில் நாள் முழுக்க நிற்க வைக்கிறார்கள், உரம் வந்த செய்தி வேண்டியவர்களுக்கு மட்டும் முதலில் தெரிகிறது என்ற குறை எனக்கும் உண்டு. அதற்காகச் சங்கத்தையே மூடச் சொல்வது என்ன நியாயம்? புயலில் எங்கள் மாவட்டமே விழுந்தபோது, விழாத மாவட்டத்தின் பணம் எங்களிடம் வந்து சேர மொய் நோட்டில் வழியில்லை. சங்கத்தின் வழியாகவும் வங்கியின் வழியாகவும்தான் அது வர முடியும்.

கட்டுரையாளர் இன்னொருவரையும் நினைவுகூர்ந்திருந்தார். 1916இல் மேற்கு வர்ஜீனியாவில் ஊர்ப்புறப் பள்ளிகளைக் கண்காணித்த ஹனிஃபன் என்பவர் இந்தச் சமூக மூலதனத்தைப் பற்றி எழுதியது. அவர் என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் ஆர்வத்தோடு படித்தேன். அக்கம்பக்கத்தார் பள்ளிக்கூடத்தில் கூடிப் பேசத் தொடங்கினால் ஊரின் பொது வேலை நடக்கும் என்பது அவர் கண்டது. அவர் சொன்ன கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளின் பெற்றோரும் வரலாம். யாருக்கும் பத்திரிகை வைக்க வேண்டியதில்லை. எங்களிடமும் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது: கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். பெரும்பாலான ஊர்களில் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிகிறது.

எந்த வயலை யார் உழுகிறார் என்பது கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியாமல் இருக்கலாம்; அக்கம்பக்கத்து வயல்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்த அறிவை அரசு பயன்படுத்தட்டும். நில உடைமையாளரின் கையெழுத்தைக் கேட்காமல், கிராம சபையில் அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்ல, சாகுபடி செய்பவர் பெயரை அந்தப் பருவத்துக்கு மட்டும் பதிவு செய்யலாம். அந்தப் பதிவைக் கொண்டு கூட்டுறவுச் சங்கம் பயிர்க்கடன் தரட்டும். புயல் வந்தால் நிவாரணமும் அந்தப் பெயருக்குப் போகட்டும். இந்தச் சான்று கடனுக்கும் நிவாரணத்துக்கும் மட்டுமே செல்லும், நிலத்தின் மீது உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று ஒரு வரியைச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டால் உடைமையாளரின் அச்சமும் குறையும். இது புதுமையான யோசனை அன்று. ஆந்திரத்தில் 2011இல் உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம் கொண்டுவந்து, நில உரிமையைத் தொடாமல் குத்தகைதாரர்களுக்குக் கடன் தகுதி அட்டை கொடுத்தார்கள். 2019இல் அந்தச் சட்டத்தை மாற்றி, உடைமையாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் அட்டை என்று ஆக்கினார்கள். கையெழுத்துப் போட முன்வராத உடைமையாளரின் நிலத்தை உழுதவர் அட்டை இல்லாமலே நின்றார். தமிழ்நாட்டில் இதை எழுதும்போது 2011ஐப் பார்த்து எழுதட்டும்; 2019ஐப் பார்த்து எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்,
கீரமங்கலம் வட்டாரம், புதுக்கோட்டை மாவட்டம்.

(பெயரை வெளியிட வேண்டாம். வரும் ஆடிக்குச் சில விருந்துகளில் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறேன்.)